வரிசையில் நின்று வாங்கும் வளையம்: செயின் கடை டோனட்டுக்கு இத்தனை மவுசு தகுமா?

2018 செப்டம்பரில் அயர்லாந்தின் டப்ளின் நகருக்கு வெளியே, பிளான்சார்ட்ஸ்டவுன் என்ற இடத்தில் கிறிஸ்பி கிரீம் என்ற அமெரிக்க டோனட் செயின் (ஒரே பெயரில் பல ஊர்களில் கிளை வைத்து நடத்தும் நிறுவனம்) ஒரு கடை திறந்தது. காரை விட்டு இறங்காமலே வாங்கிக்கொண்டு போகலாம், 24 மணி நேரமும் திறந்திருக்கும். நடுராத்திரி ஆகியும் கார் வரிசை குறையவில்லை, பொறுமை இழந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள், அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் தூக்கம் கெட்டுப் புகார் செய்தார்கள், கடைசியில் திறந்து ஏறக்குறைய ஒரே வாரத்தில் ராத்திரி நேர கார் விற்பனையை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. கொஞ்சம் மாவு, கொஞ்சம் சர்க்கரை, பொரிக்க எண்ணெய். இவ்வளவுக்கும் காரணம் அதுதான்.

இந்த மாதிரிச் செய்தி வரும்போதெல்லாம் ஒரு கூட்டம் "அப்படி என்னதான் இருக்கிறது, வெறும் சர்க்கரைப் பஞ்சு" என்று உதட்டைப் பிதுக்கும். இன்னொரு கூட்டம் "சாப்பிட்டுப் பார், அப்புறம் பேசு" என்று சொல்லும். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரி என்றுதான் படுகிறது, ஏனென்றால் இரண்டு பேரும் சாப்பிட்டது ஒரே பெயர் கொண்ட இரண்டு வேறு பண்டங்கள். ஒருவர் கையில் கிடைத்தது எண்ணெயிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம்கூட ஆகாதது. இன்னொருவருக்குக் கிடைத்தது அட்டைப்பெட்டியில் ராத்திரி முழுக்கக் கிடந்தது. செயின் கடை டோனட்டைப் புரிந்துகொள்ள இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

முதலில் அடிப்படை. டோனட்டில் பெரிய வகை இரண்டு. ஒன்று ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த மாவில் செய்வது. ரொட்டி மாவுக்கு நெருங்கிய உறவு, பிசைந்து, பொங்கவைத்து, வெட்டி, மறுபடி பொங்கவைத்துப் பொரிப்பார்கள். கடித்தால் பஞ்சு மாதிரி அமுங்கும், உள்ளே முக்கால்வாசி காற்று. இன்னொன்று கேக் டோனட். ஈஸ்ட் கிடையாது, பேக்கிங் பவுடர்தான் உப்பவைக்கும். கேக் மாவு மாதிரி கொஞ்சம் கெட்டியாக, மேலே வெடிப்பு வெடிப்பாக, கடித்தால் பொலபொலவென்று உதிரும். வரிசை பெரும்பாலும் நிற்பது முதல் வகைக்காக. கேக் டோனட் நிதானமான ஆள், மறுநாளும் ஓரளவு மானத்தோடு இருக்கும், காப்பியில் முக்கினால் இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் அதற்காக யாரும் ராத்திரியில் ஹாரன் அடிக்க மாட்டார்கள்.

நடுவில் ஏன் ஓட்டை என்று எல்லாரும் கேட்பார்கள். ஹான்சன் கிரகரி என்ற அமெரிக்கக் கப்பல்காரர் 1847இல் தான்தான் அதைக் கண்டுபிடித்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டார். கப்பல்காரர்கள் சொல்லும் கதையை எவ்வளவு நம்பலாமோ அவ்வளவு நம்பிக்கொள்ளுங்கள். காரணம் மட்டும் உண்மையானது: உருண்டையாகப் போட்டால் வெளியே சிவந்து கருகும்போதும் நடு மாவு வேகாமல் பிசுபிசுவென்று நிற்கும், ஓட்டை போட்டால் சூடு உள்ளிருந்தும் ஏறும், எல்லாப் பக்கமும் ஒன்றாக வேகும்.

பொரிப்பது சுமார் 180 முதல் 190 டிகிரி செல்சியஸ் சூட்டில், ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம்போல. ஈஸ்ட் டோனட் கனமில்லாததால் எண்ணெயில் பாதி மட்டும் மூழ்கி மிதக்கும். அதனால்தான் அதன் இடுப்பைச் சுற்றி ஒரு வெளிறிய கோடு தெரிகிறது, இரண்டு பக்கம் திருப்பியும் எண்ணெய் சரியாகத் தொடாத இடம் அது. நல்ல ஈஸ்ட் டோனட்டுக்கு அந்தக் கோடு ஒரு அடையாளம். கோடே இல்லை என்றால் மாவு போதுமான அளவு பொங்கவில்லையோ என்று சந்தேகப்படலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மாவு எண்ணெயில் இருக்கும்போது உள்ளேயிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், அந்தத் தள்ளல் இருக்கும்வரை எண்ணெய் அதிகம் உள்ளே புகாது. வெளியே எடுத்தவுடன் ஆவி அடங்குகிறது, உள்ளே ஒரு இழுப்பு உண்டாகிறது, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் அந்த இழுப்போடு உள்ளே போகிறது. பொரித்த டோனட்டின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு இருப்பது சாதாரணம். இந்தக் கொழுப்பும் லேசுப்பட்டதில்லை. கடைகள் பெரும்பாலும் அறைச் சூட்டில் உறைந்து நிற்கும் கொழுப்பைத்தான் பயன்படுத்தும், இல்லாவிட்டால் ஆறிய டோனட் கையெல்லாம் எண்ணெயாக்கிப் பெட்டியையும் நனைத்துவிடும். முன்பு இதற்கு ஹைட்ரஜன் ஏற்றிய கொழுப்பு. அதிலிருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்கு ஆகாது என்று தெளிவானதும் டன்கின் என்ற இன்னொரு அமெரிக்கச் செயினும் கிறிஸ்பி கிரீமும் 2007, 2008 வாக்கில் அதைக் கைவிட்டன. அந்த இடத்தில் பெரும்பாலும் பாமாயில் வந்தது.

சூடாக இருக்கும்போது அந்தக் கொழுப்பு உருகிய நிலையில் இருக்கிறது, நாக்கில் பட்டதும் வழுக்கிக்கொண்டு போகிறது. மேலே ஊற்றிய சர்க்கரைப் பூச்சு இன்னும் முழுதாக இறுகவில்லை, கண்ணாடி மாதிரி மெல்லிய படலமாக நிற்கிறது, தொட்டால் நொறுங்கி, அடுத்த நொடி கரைகிறது. உள்ளே மாவு ஆவியோடு மிருதுவாக இருக்கிறது. ஈஸ்ட் வாசனையும் மாவு பொரிந்த வாசனையும் சூட்டோடு மேலே வருகின்றன, மூக்குதான் பாதி ருசியைப் பார்க்கிறது என்பதால் இது சின்ன விஷயமில்லை. மென்று விழுங்கினோமா, தானாகக் கரைந்ததா என்றே தெரியாமல் ஒன்று முடிந்துவிடும். சூடான டோனட்டைப் பற்றி மிகையாகப் பேசுகிறவர்களை நான் கிண்டல் செய்வதில்லை.

அதே டோனட் ஆறட்டும். கொழுப்பு உறைந்து வாயில் மெழுகு மாதிரி ஒட்டுகிறது. வெந்தபோது நீரை இழுத்துக் குழைந்திருந்த மாவுச்சத்து ஆற ஆற மறுபடி நெருங்கி அடுக்கிக்கொண்டு இறுகுகிறது, ரொட்டி காய்ந்துபோவதாக நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த வேலைதான், ஈரம் பறந்துபோவதைவிட இதற்குத்தான் பங்கு அதிகம். உள்ளிருக்கும் ஈரம் மேல்தோலுக்கு வருகிறது, அங்கிருந்து சர்க்கரைப் பூச்சுக்கு ஏறுகிறது, பூச்சு வியர்த்துப் பிசுபிசுத்து விரலில் வந்துவிடுகிறது. காற்று நிறைய இருப்பது சூட்டில் எந்த அளவுக்கு வரமோ, ஆறினபின் அந்த அளவுக்குச் சாபம். கனமான கேக் டோனட்டில் இதே மாற்றங்கள் நடந்தாலும் இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை. ஆக, உலகத்தில் அதிகம் கொண்டாடப்படும் டோனட், அதிகம் தாங்காத டோனட்டும்கூட. செயின் கடை வியாபாரத்தின் மொத்தச் சிக்கலும் இங்கேயே முடிச்சு விழுந்திருக்கிறது.

இதை முதலில் காசாக்கத் தெரிந்தவர் அடால்ஃப் லெவிட். நியூயார்க்கில் பேக்கரி வைத்திருந்தவர். முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களுக்கு 1917 முதல் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவச் சேவை அமைப்பின் பெண்கள் டோனட் பொரித்துக் கொடுத்தார்கள், ஊர் திரும்பிய சிப்பாய்கள் அந்த ருசியைத் தேடினார்கள், கையால் பொரித்துக் கட்டுப்படியாகவில்லை. 1920இல் லெவிட் ஒரு தானியங்கி இயந்திரத்தைக் கொண்டுவந்தார். மாவை வளையமாக விட்டு, எண்ணெயில் மிதக்கவிட்டு, திருப்பிப்போட்டு, வெளியே தள்ளும். அதை அவர் கடையின் பின்கட்டில் ஒளித்துவைக்கவில்லை, தெருவைப் பார்த்த ஜன்னலில் வைத்தார். நடைபாதையில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள், பார்த்தவர்கள் உள்ளே வந்தார்கள். நூறு வருஷம் கழித்தும் இந்த வித்தை மாறவில்லை.

வெர்னன் ருடால்ஃப் 1937 ஜூலையில் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் கிறிஸ்பி கிரீமைத் தொடங்கியபோது அவர் நினைத்தது சில்லறை வியாபாரமே இல்லை. மளிகைக் கடைகளுக்கு மொத்தமாகப் போடுவதுதான் திட்டம். பொரிக்கும் வாசனை தெருவுக்கு வந்தது, போகிறவர்கள் கதவைத் தட்டி "சூடாக ஒன்று கிடைக்குமா" என்று கேட்க ஆரம்பித்தார்கள், அவர் சுவரில் ஒரு துவாரம் வெட்டி அங்கிருந்தே விற்றார். அந்த நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லும் கதைகளில் எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் விளம்பரக்காரர் யாரும் யோசித்துச் செய்ததில்லை, வாசனை செய்த வேலை.

பிற்பாடு விளம்பரக்காரர்களும் வந்தார்கள், சரி. கடைக்கு முன்னால் சிவப்பு நியான் விளக்கு: எரிந்தால் இப்போதுதான் பொரிக்கிறார்கள், சூடாகக் கிடைக்கும். அணைந்திருந்தால் இல்லை. இது எவ்வளவு கெட்டிக்கார யோசனை என்று கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். கடை எப்போதும் இருக்கிறது, சூடு எப்போதும் இல்லை. விளக்கு எரியும் நேரத்தில் அந்த வழியாகப் போவது அதிர்ஷ்டம் மாதிரி ஆகிவிடுகிறது, பசியே இல்லாதவர்கூட "இன்றைக்கு எரிகிறதே" என்று வண்டியைத் திருப்புகிறார். உள்ளே போனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வளையங்கள் வரிசையாக எண்ணெயில் நீந்தி, குட்டிக்கரணம் போட்டு, சர்க்கரை அருவிக்கு அடியில் நனைந்து வருகின்றன. கண் முன்னாலேயே செய்தது என்ற எண்ணம் ருசியைக் கூட்டுகிறது. லெவிட்டின் ஜன்னலேதான், கொஞ்சம் பெரிதாக.

மற்ற செயின்களின் கதை வேறு. வில்லியம் ரோசன்பர்க் 1948இல் மாசசூசெட்ஸின் குவின்சியில் ஒரு கடை திறந்தார், 1950இல் அதற்கு டன்கின் டோனட்ஸ் என்று பெயர் வைத்தார். இன்றைக்கு அவர்களுக்கு முக்கியமான வியாபாரம் காப்பியும் மற்ற பானங்களும். 2019இல் பெயரிலிருந்து "டோனட்ஸ்" என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள், கடையில் விற்பதை மட்டும் நிறுத்தவில்லை. பல ஊர்களில் அவர்களுடைய டோனட் ஒரு பொதுச் சமையற்கூடத்தில் தயாராகி லாரியில் கடைகளுக்கு வருகிறது. கனடாவில் ஹாக்கி வீரர் டிம் ஹார்ட்டன் 1964இல் ஹாமில்டனில் தொடங்கிய டிம் ஹார்ட்டன்ஸ் கடைகளில் ஒரு காலத்தில் விடியற்காலையில் ஆள் வந்து அங்கேயே பொரிப்பார். 2000களின் தொடக்கத்தில் அதை மாற்றி, ஆலையில் தயாரித்து உறையவைத்து அனுப்பியதைக் கடையில் சூடாக்கித் தரும் முறைக்குப் போனார்கள். பழைய வாடிக்கையாளர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிப் புலம்புவார்கள். கணக்குப் பார்த்தால் செலவு மிச்சம், எல்லாக் கிளையிலும் ஒரே ருசி, ஆள் கூலி குறைவு. நாக்குக்குக் கணக்கு தெரியாது.

இப்போது ஒரு தீர்ப்பு சொல்லிவிடுகிறேன். இந்தக் கடைகளில் காலையில் காப்பியோடு ஒரு டோனட் வாங்கிச் சாப்பிடுவது நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா என்பது வேறு பேச்சு, ஆனால் அதை மவுசு என்று சொல்ல முடியாது, வழக்கம். யாரும் அதற்காக ஊர் தாண்டிப் போவதில்லை. மவுசு என்று சொன்னால் கிறிஸ்பி கிரீம் மாதிரி சூட்டை விற்கிற கடையைத்தான் சொல்ல வேண்டும். அங்கேயும் அந்த மவுசு கிளைக்குக் கிளை, மணிக்கு மணி மாறுகிறது.

அந்த நிறுவனத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தாலே இது தெரியும். ருடால்ஃப் 1973இல் இறந்தார், 1976இல் பீட்ரிஸ் ஃபுட்ஸ் என்ற பெரிய உணவு நிறுவனம் வாங்கியது, மலிவாகச் செய்யச் செய்முறையை மாற்றியது, சூப்பும் சாண்ட்விச்சும் சேர்த்தது. கடை நடத்தியவர்களுக்கே பொறுக்கவில்லை, 1982இல் அவர்களில் ஒரு குழு சேர்ந்து நிறுவனத்தை வாங்கிப் பழைய செய்முறைக்குத் திரும்பியது. 2000இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது பங்கு விலை பறந்தது. பிறகு அவசர அவசரமாகக் கடைகள், போதாக்குறைக்குப் பெட்ரோல் பங்கிலும் சூப்பர்மார்க்கெட் அலமாரியிலும் ஆறின பெட்டிகள். 2004இல் லாபம் சரிந்தபோது மாவுச்சத்தைத் தவிர்க்கும் உணவுமுறைதான் காரணம் என்று நிறுவனம் சொன்னது. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், கணக்கு வழக்கில் கோளாறும் பின்னால் வெளிவந்தது, ஆனால் எங்கே திரும்பினாலும் ஆறிக் கிடக்கிற ஒரு பண்டத்துக்கு யார் வரிசையில் நிற்பார்கள்?

ஜப்பானிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 2006 டிசம்பரில் தோக்கியோவின் ஷின்ஜுகுவில் முதல் கடை, மணிக்கணக்கில் வரிசை. பத்து வருஷத்தில் அறுபதுக்கும் மேல் கடைகள், அப்புறம் வேகமாக மூடல், 2017 தொடக்கத்தில் அந்த முதல் கடையும் போனது. அங்கே ஏற்கெனவே 1971 முதல் வேரூன்றியிருந்த மிஸ்டர் டோனட் என்ற செயினோ, இழுத்தால் வரும் மெல்லும் தன்மையுள்ள போன் டி ரிங் என்ற வகையை 2003இல் கொண்டுவந்து, ஆரவாரமில்லாமல் விற்றுக்கொண்டிருந்தது. அது ஆறினாலும் நன்றாக இருக்கும் மாவு. வரிசை பெரிதில்லை, ஆயுள் பெரிது.

கடைசியாக மெக்டொனால்ட்ஸ் கூட்டு. கிறிஸ்பி கிரீம் பெரிய கூடங்களில் தினமும் செய்து சுற்றியுள்ள சின்ன விற்பனை இடங்களுக்கு அனுப்பும் ஏற்பாட்டில், அமெரிக்காவின் சுமார் 2,400 மெக்டொனால்ட்ஸ் கடைகள்வரை போய்ச் சேர்ந்தது. விற்பனை செலவுக்குக் கட்டவில்லை, 2025 ஜூலையில் முடித்துக்கொண்டார்கள். தினமும் லாரி போய்ச் சேர்க்கலாம், அன்றன்றைக்குச் செய்தது என்றும் சொல்லலாம். சூட்டை லாரியில் ஏற்ற முடியாது.

மறுபக்கம் தெற்கு கலிஃபோர்னியாவைப் பாருங்கள். கம்போடியாவிலிருந்து 1975இல் அகதியாக வந்த டெட் நொய், வின்செல்ஸ் என்ற உள்ளூர் செயின் கடையில்தான் தொழில் கற்றார், பிறகு சொந்தக் கடை, பிறகு பல கடைகள், பிறகு தன்னைப் போல வந்த குடும்பங்களுக்குக் கடை எடுத்துக்கொடுத்தார். சூதாட்டத்தில் அவர் சொத்தையெல்லாம் இழந்தது தனிச் சோகம். ஆனால் அவர் வழியில் வந்த கம்போடியக் குடும்பங்கள் அந்தப் பகுதியின் டோனட் வியாபாரத்தையே கையில் எடுத்தன. டோனட் போட்டுக்கொடுக்கும் இளஞ்சிவப்பு அட்டைப்பெட்டி இந்தக் கடைகளால்தான் பிரபலமானது, வெள்ளை அட்டையைவிட அது மலிவு என்பதுதான் காரணம். வீட்டு ஆட்களே நடு ராத்திரியில் எழுந்து பொரிக்கிற இந்தக் கடைகளை எதிர்த்து நிற்க செயின்களால் நெடுங்காலம் முடியவில்லை. டன்கின் அங்கே மறுபடி கால் வைத்தது 2014இல்தான்.

இதிலிருந்து "சின்னக் கடை எல்லாம் நல்லது, செயின் எல்லாம் மோசம்" என்று சுலபமாக முடித்துவிட எனக்கு ஆசைதான், ஆனால் உண்மை அப்படி இல்லை. நேற்றையதை இன்றைக்கு விற்கும் சின்னக் கடைகளையும் பார்த்திருக்கிறேன். ஒரு சூடான செயின் டோனட் அவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அளவு, சூடு, பூச்சின் கனம் எல்லாம் இயந்திரத்தில் ஒரே மாதிரி வருவது சாதாரண விஷயமில்லை, ஈஸ்ட் மாவு அன்றைய வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஏற்ப மூக்கைச் சிந்துகிற பண்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாவுச்சத்தும் கொழுப்பும் சேர்ந்த உணவின் மேல், இரண்டும் தனித்தனியாக உள்ள அதே கலோரி உணவைவிட, மனிதர்களுக்கு ஆசை அதிகம் என்று 2018இல் வெளியான ஒரு மூளை ஆய்வு காட்டியது. பங்கேற்றவர்கள் அந்த மாதிரித் தின்பண்டத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க முன்வந்தார்கள். டோனட் அந்தக் கூட்டணியின் தலைவர். சாதாரண சர்க்கரைப் பூச்சு ஈஸ்ட் டோனட் ஒன்றில் கிறிஸ்பி கிரீம் கணக்குப்படி 190 கலோரி, பார்க்கப்போனால் பெரிய எண் இல்லை. காற்றைக் கடித்த மாதிரி இருப்பதால் யாரும் ஒன்றோடு நிறுத்துவதில்லை என்பதுதான் வில்லங்கம். கடைகளும் ஒரு டஜனுக்குச் சலுகை தருகின்றன, நாலு பேர் ஆளுக்கு ஒன்று எடுத்தது போக மிச்சம் எட்டு பெட்டியில் ஆறுகிறது.

அப்படி ஆறின மிச்சத்தில் நானும் ஏமாந்திருக்கிறேன். ஒரு புதுக் கடையில் முக்கால் மணி நேரம் நின்று ஒரு டஜன் வாங்கினேன். வாசலிலேயே ஒன்று சாப்பிட்டேன், நின்றது வீண் இல்லை என்று மனதார நினைத்தேன், பெட்டியைக் கொண்டுபோய் மறுநாள் காலையில் நண்பர்களுக்குக் கொடுத்தேன். "இதற்கா அவ்வளவு நேரம் நின்றாய்?" என்று ஒருவன் கேட்டான். நான் சாப்பிட்டதை அவனுக்குக் கொடுக்கவே முடியாது என்பதை விளக்கிச் சொல்ல எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

ஆகவே முதல் முறை போகிறவர்களுக்கு: பூச்சு மட்டும் போட்ட சாதாரண ஈஸ்ட் டோனட்டைக் கேளுங்கள், சாக்லேட், கிரீம், வண்ணத் தூவல் எல்லாம் பெரும்பாலும் ஆறினபின் போடுவது, அதற்கு வரிசை தேவையில்லை. அங்கேயே பொரிக்கிறார்களா, எங்கிருந்தாவது வருகிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வெளியிலிருந்து வந்தது என்றால் காப்பி மட்டும் குடித்துவிட்டு வந்துவிடலாம். சூடு இருந்தால் இரண்டு வாங்கி நின்றபடியே தின்றுவிடுங்கள், டஜன் வேண்டாம். மீறி வாங்கிவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள், மாவுச்சத்து இறுகுவது அந்தக் குளிரில்தான் இன்னும் வேகம். மூடிவைத்து, மறுநாள் ஒவ்வொன்றாக மைக்ரோவேவில் 8 விநாடி. மாவு மறுபடி இளகும், கொழுப்பு உருகும், பூச்சு பளபளக்கும், ஒரு நிமிடத்துக்கு அது கிட்டத்தட்ட பழைய டோனட்டாகவே இருக்கும். 20 விநாடி வைத்தால் சர்க்கரை தட்டில் ஓடி, கையில் ரப்பர் வளையம்தான் மிஞ்சும்.